புளி போட்டுத் தேய்க்கக் கூடாத பித்தளை: விக்டோரியா கால மைக்ரோஸ்கோப், ஸ்பெக்ட்ரோஸ்கோப்போடு ஒன்பது வருடம்

பித்தளையைக் கண்டால் புளியைத் தேடுகிற வீட்டில் வளர்ந்தவன் நான். ஒன்பது வருடங்களுக்கு முன் லண்டனில் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய பித்தளை மைக்ரோஸ்கோப் ஒன்றை 120 பவுண்டுக்கு வாங்கி வந்தேன். அன்று இரவே, லென்ஸ் வைக்கும் சிறு பித்தளைக் குப்பி ஒன்றைப் புளி போட்டுத் தேய்த்துவிட்டேன். குத்துவிளக்கு மாதிரி பளபளத்தது. இரண்டே வாரத்தில் விரல் பட்ட இடமெல்லாம் கறுத்துப்போனது. தேய்க்காத பாகங்கள் மட்டும் அதே பொன்னிறத்தில் இருந்தன. அப்புறம் விசாரித்தபோதுதான் தெரிந்தது, அந்தப் பொன்னிறம் பித்தளையுடையது இல்லை, மேலே பூசிய அரக்குடையது.

அரக்கைச் சாராயத்தில் கரைத்து, மஞ்சள் போன்ற சாயப்பொருள்களைச் சேர்த்து, பித்தளையைச் சூடாக்கி, தூரிகையால் ஒரே இழுப்பில் பூசுவார்கள். கை தயங்கினால் கோடு விழுந்துவிடும். அந்த அரக்கு இந்தியாவிலிருந்து கப்பலேறிப் போனது. நூறு வருடங்களுக்கும் மேல் தாங்கிய பூச்சை ஒரே இரவில் அழித்தேனே என்று இன்றும் வருத்தம் உண்டு. வாங்க நினைக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: உலர்ந்த மெல்லிய துணி போதும். பாலிஷ், எலுமிச்சை எதுவும் வேண்டாம். ஸ்பிரிட் தொடவே கூடாது, அரக்கு அதில் கரைந்துவிடும்.

மைக்ரோஸ்கோப்பில் செய்தவர் பெயர் இல்லை. அமைப்பைப் பார்த்தால் 1870களின் இறுதியோ 1880களோ இருக்கும். வாங்கியபோது குவியம் சரிசெய்யும் திருகு அசையவே இல்லை. பல்சக்கரம் உடைந்திருக்கும் என்று பயந்தேன். உடையவில்லை, பழைய கிரீஸ் இறுகி மெழுகாகியிருந்தது. கழற்றி, பல்லிடுக்குகளை மண்ணெண்ணெயில் நனைத்த குச்சியால் சுத்தம் செய்து, புது கிரீஸ் துளி வைத்தேன். இப்போது இரண்டு விரல் போதும், வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இறங்குகிறது.

பொருளருகு லென்ஸ்களில் 10 மடங்கு, 40 மடங்கு என்று எழுதியிருக்காது. குவியத் தூரத்தை வைத்து 1 அங்குலம், கால் அங்குலம் என்றுதான் பெயர். எண் குறையக் குறைய உருப்பெருக்கம் கூடும். பழகச் சில நாள் ஆகும். என் கால் அங்குல லென்ஸின் ஓரத்தில் வானவில் நிறத்தில் செடி கிளைத்தது போல ஒரு படலம் தெரிகிறது. இரண்டு கண்ணாடிகளை ஒட்ட அவர்கள் பயன்படுத்தியது கனடா பால்சம், ஓர் ஊசியிலை மரத்தின் பிசின். அது காய்ந்து விலகத் தொடங்கினால் இப்படித்தான் ஆகும். நடுப்பகுதி தெளிவாக இருப்பதால் நான் கை வைக்கவில்லை. கவனித்துப் பாருங்கள், ஒன்பது வருடத்தில் எனக்குத் தொல்லை கொடுத்தது அரக்கு, பிசின், கிரீஸ் மூன்றும்தான். கண்ணாடியும் பித்தளையும் ஒரு நாளும் தகராறு செய்ததில்லை.

அதிலும் லென்ஸைக் குழாயில் திருகிப் பொருத்தும் மரை. ஒரு காலத்தில் ஒவ்வொரு பட்டறையும் தனக்கென ஒரு மரை வைத்திருந்தது. ஒருவர் லென்ஸ் இன்னொருவர் குழாயில் ஏறாது. 1858இல் லண்டன் மைக்ரோஸ்கோப் சங்கம் ஒரே அளவை நிர்ணயித்தது: குறுக்களவு 0.8 அங்குலம், அங்குலத்துக்கு 36 புரி. போன வருடம் ஹரியானாவின் அம்பாலாவில் செய்த புது 10 மடங்கு லென்ஸ் ஒன்றை ஊரிலிருந்து வாங்கி வந்தேன். அந்தப் பழைய குழாயில் வைத்துத் திருகினேன். தடங்கல் இல்லாமல் கடைசிப் புரி வரை போய் நின்றது. வெளியே எடுத்து மறுபடி ஒரு முறை திருகிப் பார்த்தேன், அந்தச் சந்தோஷத்துக்காகவே.

வெளிச்சம்தான் இதில் பாதி வேலை. கீழே இருக்கும் குழி ஆடியை நேராக வைத்தால் டயட்டம் என்ற நுண்பாசியின் ஓடு வெறும் கண்ணாடிச் சில்லு மாதிரி தெரியும். ஆடியை மெல்லப் பக்கவாட்டில் நகர்த்த நகர்த்த, ஒரு கட்டத்தில் அந்த ஓட்டின் மேல் நெருக்கமான கோடுகள் சட்டென்று எழுந்து வரும். ப்ளூரோசிக்மா அங்குலாட்டம் என்ற டயட்டத்தை அந்தக் காலத்தவர் லென்ஸைச் சோதிக்கவே வைத்திருந்தார்கள். அதன் கோடுகளுக்கு இடையே அரை மைக்ரான் அளவுதான் இடைவெளி. பிசின் விலகிய என் லென்ஸ் அதைக் காட்டுகிறது.

இவ்வளவு சொன்னாலும், ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்றால் நான் எடுப்பது, ஒளியை நிறமாலையாக விரித்துக் காட்டும் ஸ்பெக்ட்ரோஸ்கோப்பைத்தான். அதே சந்தை, 85 பவுண்டு, இதிலும் பெயர் இல்லை. விரல் நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதல். உள்ளே இரண்டு வகைக் கண்ணாடியில் மாறி மாறி ஒட்டிய முப்பட்டகங்கள். ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தாலும் அதன் பாதையை நேராகவே வைத்திருப்பதால், எதைப் பார்க்கிறோமோ அதை நோக்கியே நீட்டலாம். முனை வளையத்தைத் திருகினால் ஒளி நுழையும் பிளவு குறுகும். வெள்ளை மேகத்தை நோக்கிப் பிடித்துக் குறுக்கிக்கொண்டே போனால் வானவில்லின் குறுக்கே மெல்லிய கறுப்புக் கோடுகள் நிற்கும். இவைதான் ஃபிரான்ஹோஃபர் கோடுகள், வழியில் விழுங்கப்பட்ட நிறங்களின் தடங்கள். சூரியனை நேராகப் பார்க்காதீர்கள். நிறமாலையின் நீளவாக்கில் கோடு ஓடினால் அது பிளவில் ஒட்டிய தூசு. கூராகச் சீவிய தீக்குச்சியை ஒரு முறை பிளவின் வழியே இழுத்தால் போய்விடும்.

பசலைக் கீரையை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, அந்தப் பச்சைச் சாற்றின் வழியாக விளக்கைப் பார்த்தேன். சிவப்புப் பகுதியில் ஒரு துண்டு வெட்டி எடுத்தது போல இருட்டு. பச்சையம் அந்த ஒளியைத்தான் உண்கிறது என்று பள்ளியில் படித்ததை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

ஸ்காட்லாந்தின் அரச வானியலாளர் சார்லஸ் பியாட்ஸி ஸ்மித் 1870களில் இந்தச் சின்னக் கருவியால் மழையைக் கணிக்கலாம் என்று சொல்லிவந்தார். காற்றில் நீராவி கூடினால், மஞ்சள் பகுதியில் சோடியத்தால் உண்டாகும் டி என்ற கறுப்புக் கோட்டை ஒட்டிச் சிவப்புப் பக்கம் ஒரு பட்டை கறுக்கும். இரண்டு வருடம் நோட்டில் குறித்து வைத்தேன். பட்டை கறுப்பது உண்மைதான். ஆனால் அதை நம்பிக் குடையை வீட்டில் விட்டுப் போக மாட்டேன்.

அந்த டி கோடு உண்மையில் இரட்டைக் கோடு, 589.0, 589.6 நானோமீட்டர். என் கருவியில் ஒன்றாகத்தான் தெரிகிறது. 1868 ஆகஸ்ட் 18 சூரிய கிரகணத்தைக் குண்டூரில் பிரெஞ்சு வானியலாளர் ழான்சேனும், மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வகத்தின் போக்சனும் பார்த்தபோது சூரியனின் விளிம்பில் எழும் சுடர்களில் ஒரு பிரகாசமான மஞ்சள் கோடு தெரிந்தது. அக்டோபர் 20 அன்று இங்கிலாந்தில் வானியலாளர் நார்மன் லாக்யர், லண்டன் பட்டறைக்காரர் ஜான் பிரவுனிங் செய்துகொடுத்த ஸ்பெக்ட்ரோஸ்கோப்பால், கிரகணம் இல்லாமலே சுடர்களின் கோடுகளைப் பார்த்தார். அந்த மஞ்சள் கோடு 587.6இல் இருக்கிறது, சோடியத்தினுடையது இல்லை என்று பிரித்தறிந்ததில்தான் ஹீலியம் பிறந்தது. பூமியில் அது அகப்பட்டது 1895இல். ஒன்றரை நானோமீட்டருக்கும் குறைவான அந்த இடைவெளி எவ்வளவு சிறியது என்று, என் கருவியில் டி கோட்டைப் பார்க்கும்போதெல்லாம் தோன்றும்.

வாங்கிய புதிதில் எங்கள் தெருவில் சோடிய விளக்குகள் இருந்தன. ஜன்னலில் நின்று பார்த்தால் மற்ற நிறமெல்லாம் இருட்டாகி, ஒற்றை மஞ்சள் கோடு மட்டும் கத்தி போல நிற்கும். இப்போது எல்லாம் எல்இடி. நீலத்தில் ஒரு பிரகாசம், அதை அடுத்து ஒரு மங்கல், பிறகு பச்சையிலிருந்து சிவப்பு வரை இடைவிடாத நிறம். அந்தக் கோடு இன்னும் எனக்குக் கிடைப்பது அடுப்படியில். உப்புப் போட்ட பருப்பு பொங்கி வழிந்து நீலச் சுடர் மஞ்சளாகிற அந்தச் சில நொடிகளில், கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கருவியை எடுக்கிறேன்.