தலையணையா, எண்ணெயா, பெல்ட்டா? வயிற்றில் பிள்ளையோடு வரும் கால் நரம்பு வலிக்கு எது உதவும்

எனக்கு அப்போது ஏழாம் மாதம். இரவு இரண்டு மணிக்குக் கட்டிலை விட்டு எழும்பப் பார்த்தால், வலது பிட்டத்திலிருந்து குதிக்கால் வரை கரண்ட் அடித்த மாதிரி ஒரு இழுவை. விடிந்ததும் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். அம்மம்மா எண்ணெய் போட்டு உருவச் சொன்னார். மாமி, "அசையாமப் படு மனே" என்றார். கூட வேலை செய்யும் அக்கா பெல்ட் வாங்கச் சொன்னார். கிட்டத்தட்ட எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டேன்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு முன்னால், வலி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். முழங்காலைத் தாண்டிப் பாதம் வரை இறங்கி, மரத்துப்போவதும் ஊசி குத்துவதும் இருந்தால், அது முதுகின் அடியிலிருந்து காலுக்கு இறங்கும் சியாட்டிக் நரம்பு. பிட்டத்திலும் தொடையின் பின்புறத்திலும் மட்டும் நின்று, புரண்டு படுக்கும்போதும் படியேறும்போதும் கூடினால், பெரும்பாலும் இடுப்பெலும்பு மூட்டு வலி. பிள்ளைத்தாய்ச்சிமார் "நரம்பு" என்று சொல்வதில் இந்த இரண்டாவது ரகம்தான் அதிகம். கர்ப்பத்தில் சுரக்கும் ரிலாக்சின் என்ற ஹோர்மோன் மூட்டு இணைப்புகளை இளக்கிவிடும், வயிற்றுப் பாரமும் முதுகை முன்னுக்கு வளைக்கும்.

என் கணக்கில் முதலிடம் தலையணைக்கு. கடையில் விற்கும் நீளமான கர்ப்பகாலத் தலையணை சொகுசுதான், ஆனால் எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் அதைக் கட்டிக்கொண்டு படுக்க எனக்குப் பொறுமை இல்லை. இடது பக்கமாகச் சரிந்து, முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை, வயிற்றுக்குக் கீழே அவருடைய பழைய சாரத்தைச் சுருட்டி ஒன்று. முழங்காலோடு கணுக்காலும் தலையணையில் ஏறியிருக்க வேண்டும். கணுக்கால் கீழே தொங்கினால் இடுப்பு திருகிக்கொள்ளும், வலி திரும்பி வரும். எனக்கு இது பிடிபட இரண்டு நாள் ஆனது. எழும்பும்போது இரண்டு முழங்காலையும் ஒட்டி வைத்துக்கொண்டு ஒன்றாகப் புரள வேண்டும்.

எண்ணெயா, ஒத்தணமா என்றால் நான் ஒத்தணத்தின் பக்கம். மிதமான சூட்டில், துணியில் சுற்றி, பிட்டத்தில் பதினைந்து நிமிடம் வைத்தால் தசை இளகும். வயிற்றில் வைக்கக் கூடாது, கொதிக்கக் கொதிக்கக் குளிக்கவும் கூடாது. அம்மம்மா நல்லெண்ணெயைச் சூடாக்கிப் பூசிய சுகத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கட்டைவிரலால் நரம்பைத் தேடி அழுத்துவது வேறு விஷயம், அதற்கு நான் விடவில்லை. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சிவந்து சூடாக இருந்தால் தேய்க்கவே கூடாது. இரத்தக் கட்டியாக இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரி.

பெல்ட் மூட்டு வலிக்காரிகளுக்கு நடக்கும்போது நல்ல துணை. வயிற்றுக்குக் கீழே, இடுப்பெலும்பைச் சுற்றிக் கட்ட வேண்டும். எனக்கு நரம்பு வலி என்பதால் பெரிதாக உதவவில்லை, வேர்க்குருதான் மிச்சம்.

மாத்திரையில் பனடோல் (பரசிட்டமோல்) தான் முதலில், அதுவும் டொக்டர் சொன்ன அளவில், சில நாளைக்கு மட்டும். டைக்குளோபெனாக், இபுபுரூபன் ஆகியவற்றை பார்மசியில் கேட்டு வாங்கி விழுங்காதீர்கள். 20 கிழமைக்குப் பிறகு அவை பிள்ளையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பன்னீர்க்குடத்து நீரைக் குறைக்கலாம்.

மாமியின் படுக்கை வைத்தியத்தில் ஒரு நாளுக்கு மேல் பலன் இல்லை, அப்புறம் இடுப்பு இன்னும் இறுகியது. பிசியோதெரபி அதற்கு நேர் எதிர். அரசாங்க ஆஸ்பத்திரியில் காசில்லை, ஆனால் ஒரு காலை நேரம் முழுக்கப் போய்விடும். கிளினிக் டொக்டரிடம் துண்டு எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். எனக்குக் காட்டித் தந்தது கதிரையில் இருந்து செய்வது: வலிக்கும் காலின் கணுக்காலை மற்ற முழங்காலில் வைத்து, முதுகு நேராக, மெதுவாக முன்னுக்குச் சரிந்து அரை நிமிடம். முன்பக்க இடுப்பெலும்பு வலிப்பவர்கள் இதைச் செய்யாதீர்கள், கால் அகட்டினால் அந்த வலி கூடும். கையும் முழங்காலும் ஊன்றி நான்கு காலில் நின்று முதுகை வளைத்து நிமிர்த்துவது இரு சாராருக்கும் சரி.

நீந்தினால் நல்லது என்றும் எழுதுகிறார்கள். உண்மைதான், தண்ணீர் பாரத்தைத் தாங்கும். ஆனால் எங்கள் மட்டக்களப்பு வாவியில் முதலை, கல்லடிக் கடலில் அலை. நான் மாலையில் பாலத்தில் மெதுவாக நடந்ததோடு சரி.

இத்தனையும் சாதாரண வலிக்குத்தான். சிறுநீர் அடைத்தாலோ தெரியாமல் போனாலோ, தொடை இடுக்கு மரத்தாலோ, பாதம் தூக்க முடியாமல் இழுபட்டாலோ, இடுப்பு வலி விட்டுவிட்டு ஒழுங்காக வந்தாலோ தலையணையைத் தேடாதீர்கள். இரவென்றாலும் ஓட்டோவைக் கூப்பிடுங்கள், கிளினிக் அட்டையையும் கையோடு எடுங்கள்.