38,500 ரூபா கட்டி நூறு குப்பைப் புத்தகம் வாங்கினேன்: அச்சடிக்க இருப்பவர்கள் கவனம்

பார்சல் வந்தது முந்தாநாள். இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. என்னென்ன கவனிக்க வேண்டும் என்று கடைசியில் விளக்கமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நான் திருகோணமலையில் ஆட்டோ ஓட்டுகிறேன். கோணேசர் கோயிலுக்கும் கன்னியாவுக்கும் வருகிறவர்களுக்கு இந்த ஊரின் விசித்திரக் கதைகளைச் சொல்லிக்கொண்டே போவேன். எல்லாம் நடந்தவை, பாதி சாவுக் கதை, ஆனாலும் சிரிக்காமல் யாரும் இறங்கியதில்லை. 1660இல் கொட்டியாரக் குடாவில் பாய்மரம் சரிசெய்ய நின்ற கப்பலிலிருந்து கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டு, மலைநாட்டில் தொப்பி பின்னி விற்றுப் பிழைத்து, 19 வருடம் கழித்துத் தப்பியோடிய ஆங்கிலேய மாலுமி ரொபேர்ட் நொக்ஸ். 1852இல் பர்மாவில் வாந்திபேதியில் இறந்து, நம்மூர் மயானத்தில் வந்து அடங்கிய சார்ள்ஸ் ஒஸ்டின், அதாவது நாவலாசிரியை ஜேன் ஒஸ்டினின் தம்பி. இப்படிப் பதினான்கு கதை. "இதைப் புத்தகமாப் போடுங்கோ" என்று வருகிறவர்கள் கேட்டுக்கேட்டு, நானும் மகளும் ஆறு மாதம் இரவிரவாகத் தட்டச்சு செய்தோம்.

இணையத்தில் விளம்பரம் செய்யும் ஒரு அச்சுச் சேவைக்குத் தொலைபேசி எடுத்தேன். பேசிய தம்பி நல்ல கலகலப்பு. "அந்த மலையிலயிருந்து குதிச்ச வெள்ளைக்காரப் பெண்ணின்ட கதை இருக்கோ அண்ணை?" என்று அவனே கேட்டான். சொன்னேன். பிரான்சினா வான் ரீட் என்ற டச்சுப் பெண், காதலன் கப்பலேறிப் போனதும் கோணமலைப் பாறையிலிருந்து கடலில் குதித்தாள் என்பது ஊர்க்கதை. 1687 என்று பொறித்த தூண்கூட அங்கே நிற்கிறது. ஆனால் டச்சுப் பதிவுகளைப் பார்த்தால் அவள் அதற்குப் பிறகு கல்யாணம் கட்டியிருக்கிறாள்! குடும்பம் நடத்தப் போன பெண்ணுக்காக ஊர் முந்நூறு வருடமாகக் கண்ணீர் விட்டிருக்கிறது.

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "இதுக்காகவே உங்கட புத்தகத்தை நான் வடிவா அடிச்சுத் தருவன் அண்ணை."

சிரிக்கவேண்டிய இடத்தில் சரியாகச் சிரித்தவனை நம்பிவிட்டேன். முழுக் காசையும் கட்டினால் கழிவு தருவோம் என்றான். லீசிங் கட்ட வைத்திருந்த 38,500 ரூபாவை அன்றைக்கே வங்கியில் போட்டேன். முதல் எட்டுப் பக்கம் மாதிரி என்று வட்ஸ்அப்பில் வந்தது. சுத்தமாக இருந்தது, சரி என்றேன்.

மூன்று கிழமை இழுத்தடித்துப் பார்சல் வந்தது. மட்டை அழகு. எட்டாம் பக்கத்தில் பிரான்சினா பாறை விளிம்பில் நிற்கிறாள். ஒன்பதாம் பக்கத்திலிருந்து கடைசிவரை வெறும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்! நாங்கள் அடித்தது பாமினி என்ற பழைய எழுத்துருவில்; அந்த எழுத்துரு இல்லாவிட்டால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துதான் தெரியும். அதை எட்டுப் பக்கத்துக்கு மட்டும், இப்போது எங்கும் தமிழாகவே தெரியும் யுனிகோடாக மாற்றிவிட்டு, மிச்சத்தை அப்படியே அச்சுக்கு விட்டிருக்கிறார்கள். நூறு புத்தகமும் அப்படித்தான். அவள் குதிக்கவில்லை என்று சொல்லத்தான் இந்தப் புத்தகமே. இதை வாசிக்கிறவன் குதித்தாள் என்றுதான் நினைப்பான். மகள் அழுதுவிட்டாள்.

எடுத்தால், "பிழை உங்கட கோப்பில அண்ணை" என்றான். எட்டுப் பக்கம் எப்படிச் சரியாக வந்தது என்று கேட்டதற்கு, "பொறுப்பானவர் கூட்டத்தில இருக்கிறார்." பின்னேரம் எடுத்தால் வேறு ஒரு பெண் குரல், "படம் எடுத்து அனுப்புங்கோ." நாற்பது படம் அனுப்பினேன். பார்த்ததற்கு நீலக் குறி விழுந்தது, பதில் இல்லை. நேற்று இரவிலிருந்து என் இலக்கத்தையே தடுத்து வைத்திருக்கிறார்கள். 38,500 ரூபா. எத்தனை நாள் ஓடினால் அந்தக் காசு சேரும் என்று அந்தத் தம்பிக்குத் தெரியுமா?

சரி, கவனிக்கவேண்டியவை. முழுக் காசையும் முதலில் கொடுக்காதீர்கள். எட்டுப் பக்கம் பார்த்துத் தலையாட்டாதீர்கள், ஒரு பிரதி முழுசாக அடித்துக் கட்டித் தரச் சொல்லிக் கடைசிப் பக்கத்தையும் பாருங்கள். பாமினியில் அடித்திருந்தால் நீங்களே யுனிகோடாக மாற்றிக் கொடுங்கள். பற்றுச்சீட்டு வாங்குங்கள், நான் வாங்கவில்லை. இன்னும் எழுத இருந்தது, ஆனால் காலையில் ஐந்து மணிக்கு நிலாவெளிக்கு ஹயர் இருக்கிறது.