போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் ஸ்கீம்: ஆங்கிலோ-சாக்சன் உலோகம் கையில் கிடைத்தால்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மெட்டல் டிடெக்டரோடு வயலில் இறங்குபவர்களுக்கு, பொதுமக்கள் கண்டெடுக்கும் தொல்பொருள்களைப் பதிவுசெய்யும் போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் ஸ்கீமைவிட நல்ல சேவை இல்லை. கட்டணமும் கிடையாது. 1997-இல் சில வட்டாரங்களில் சோதனையாகத் தொடங்கி, 2003-இல் இரு நாடுகளுக்கும் முழுமையாக வந்தது. வட்டார அதிகாரியிடம் பொருளைக் கொடுத்தால் எடைபோட்டு, மில்லிமீட்டரில் அளந்து, படமெடுத்து, காலம் கணித்து, யாரும் தேடிப் பார்க்கக்கூடிய தரவுத்தளத்தில் ஏற்றுவார்கள். அதில் ஏற்கெனவே 15 லட்சம் பொருள்களுக்கு மேல் இருக்கின்றன.

ஆனால் அங்கே போய்ச் சேரும் பொருள் எந்த நிலையில் இருக்கிறதோ, அந்த அளவுக்குத்தான் பதிவும் அமையும்.

ஆங்கிலோ-சாக்சன் காலத்தின் (இங்கிலாந்தில் ஏறக்குறைய 5 முதல் 11-ஆம் நூற்றாண்டு வரை) 9-ஆம் நூற்றாண்டு வார்முனையையே எடுத்துக்கொள்ளுங்கள். பெல்ட் நுனி நைந்துபோகாமல் இருக்க மாட்டிய சின்னத் தகடு. ஒரு முனை இரண்டாகப் பிளந்து, ரிவெட் துளைகளோடு இருக்கும். மறுமுனை வட்டக் காதுகளும் உருண்டைக் கண்களும் உள்ள விலங்கின் முகம். நடுவே உடல் முறுக்கித் திரும்பிப் பார்க்கும் குட்டி விலங்கு, சுற்றியுள்ள பள்ளத்தில் கறுப்பாக நீயெல்லோ என்ற நிரப்புப் பொருள். இதை ட்ரெவிடில் பாணி என்பார்கள். 1774-இல் கார்ன்வாலில் கிடைத்த புதையலின் பெயர். அந்தக் கறுப்பு, வெள்ளி சல்பைடு. மண் என்று நினைத்துப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் உதிர்ந்துவிடும், விலங்கும் கூடவே மறைந்துவிடும். எலுமிச்சைச் சாறு, வினிகர், மின்பகுப்பு எல்லாமே செம்புக் கலவையின் மேல்தோலைத் தின்பவை. தங்க முலாம் அந்தத் தோலோடு சேர்ந்து போய்விடும்.

6-ஆம் நூற்றாண்டுச் சிலுவை வடிவ புரூச் (உடையைப் பிடித்து நிறுத்தும் ஊசியுள்ள அணி) என்றால் முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்துக்குத்தான் அதிக கவனம் தேவை. ஊசி இரும்பால் ஆனது. அதன் துருவில் அன்றைய உடையின் இழைகள் அப்படியே படிந்திருக்கலாம். சுரண்டினால் நெசவின் தடயம் போச்சு.

எனவே கழுவ வேண்டாம். ஒரு பொருளுக்கு ஒரு பாலித்தீன் பை, ஈரம் உள்ளே தேங்காதபடி ஊசியால் சில துளைகள், அடியில் ஃபோம். பஞ்சு வைத்தால் நார் சிக்கிக்கொள்ளும். இளம்பச்சைப் பொடி பூத்திருந்தால் அது வெண்கல நோய்: குளோரைடும் ஈரமும் சேர்ந்து உலோகத்தை அரிக்கின்றன. உலர்வாக வைத்து, கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

பொருள் கிடைத்த இடத்தைக் காட்டும் வரைபடக் கிரிட் எண்ணையும் பையின் மேலேயே எழுதுங்கள். ஆறு இலக்கம் 100 மீட்டர் சதுரத்தைக் காட்டும், எட்டு 10 மீட்டர், பத்து ஒரே மீட்டர். எட்டுக்குக் குறையாமல் கொடுப்பது நல்லது. இடம் வெளியே தெரிந்துவிடும் என்ற பயமே பலரைக் குறைத்துச் சொல்ல வைக்கிறது. பொதுமக்கள் பார்வைக்கு ஒரு கிலோமீட்டர் சதுரத்தைவிடத் துல்லியமாக இடம் போகாது.

சட்டத்தில்தான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள். நாணயம் அல்லாத ஒரு பொருள் 300 ஆண்டுக்கு மேற்பட்டு, எடையில் 10 சதவீதமாவது தங்கமோ வெள்ளியோ இருந்தால் அது புதையல்; 14 நாளுக்குள் கரோனருக்கு (புதையலை விசாரிக்கும் அதிகாரி) தெரியவேண்டும். வெள்ளி வார்முனை இதில் வரும். தனியாகக் கிடைத்த முலாம் பூசிய செம்பு புரூச், எவ்வளவு மினுக்கினாலும், பொதுவாக வராது, ஏனென்றால் முலாமின் எடை அற்பம். 2023 ஜூலை 30 முதல் ஒரு வழி கூடியிருக்கிறது: 200 ஆண்டுக்கு மேற்பட்ட, விதிவிலக்கான முக்கியத்துவமுள்ள உலோகப் பொருளும் புதையலாகலாம். சந்தேகம் இருந்தால் அதிகாரியிடமே கேளுங்கள், அறிக்கை எழுதுபவரும் பெரும்பாலும் அவர்தான்.

குறைகளும் உண்டு. முதல் குறை வேகம். ஒரு அதிகாரிக்கு ஒன்றோ இரண்டோ கவுண்டிகள் (மாவட்டம் போன்றவை) இருப்பதால், கொடுத்த பொருள் திரும்பி வரப் பல மாதங்கள் ஆகலாம். புதையல் வழக்கென்றால் விசாரணை, விலை நிர்ணயம் எல்லாம் முடிய ஒரு வருடத்தையும் தாண்டும். கொடுக்கும்போதே ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். சந்தை விலை சொல்ல மாட்டார்கள், அதை எதிர்பார்த்துப் போக வேண்டாம். பழைய பதிவுகள் சிலவற்றில் படமும் விவரிப்பும் மெலிந்திருக்கும். அலங்காரத்தை ஒப்பிட்டுப் பார்க்க நினைத்தால் புதிய பதிவுகளிலிருந்து தொடங்குங்கள்.

சுத்தம் செய்வதும் இந்தச் சேவையில் சேராது. 2009-இல் ஹேமர்விச்சில் கிடைத்த ஸ்டாஃபர்ட்ஷயர் புதையலில் தங்கம் மட்டும் சுமார் 4 கிலோ, மதிப்பு 32.85 லட்சம் பவுண்டு. அதிலிருந்த மண்ணைத் தொல்பொருள் பாதுகாப்பு வல்லுநர்கள் நுண்ணோக்கியின் கீழ் செடி முள்ளால்தான் எடுத்தார்கள். உலோக ஊசி மென்மையான தங்கத்தைக் கீறிவிடும்.

ஸ்காட்லாந்தில் இந்தச் சேவை இல்லை. அங்கே தொல்பொருள் எது கிடைத்தாலும், செம்பே ஆனாலும், அங்குள்ள புதையல் அமைப்பான ட்ரெஷர் ட்ரோவ் பிரிவுக்குத் தெரிவிக்க வேண்டும்.