ஸ்கைரிமுக்கு மொட் போட எந்த மென்பொருள்? கொழும்புக் கணினிகளுக்கான மதிப்பீடு

மாதக் கோட்டாவுக்குள் இணையம் பாவிக்கும் வீட்டில், மொட் (ரசிகர்கள் செய்த, கேமை மாற்றும் மேலதிகக் கோப்புகள்) போட்டுக் குழம்பிய கேமை அழித்து முழுதாகத் திரும்ப இறக்குவது லேசான காரியமல்ல. கேமை வாங்கி இறக்கும் ஸ்டீம் தளத்தின் சரிபார்ப்பு பழுதான மூலக் கோப்புகளை மீட்டுத் தரும். நீங்கள் மேலதிகமாகப் போட்டவற்றை அகற்றாது. அதனால் இங்கே முதலில் பார்ப்பது, கேம் ஃபோல்டரைத் தொடாமல் வேலை செய்யும் கருவி எது என்பதைத்தான். ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷனை வைத்துப் பேசினாலும், ஃபோல்அவுட் 4க்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

மொட்களை நிர்வகிக்கும் மொட் ஓர்கனைசர் 2 இந்தச் சோதனையில் முழுப் புள்ளி வாங்குகிறது. ஒவ்வொரு மொட்டையும் தனி ஃபோல்டரில் வைத்து, கேம் ஓடும் நேரத்தில் மட்டும் எல்லாம் கேம் வாசிக்கும் டேட்டா ஃபோல்டருக்குள் இருப்பதுபோல் காட்டும். பட்டியலில் மொட்டின் டிக்கை எடுத்தால் அதன் கோப்பும் கேமின் பார்வையிலிருந்து மறைந்துவிடும். கேம் விழுந்தால் பாதி மொட்களை நிறுத்தி ஓடவிட்டு, பிழை எந்தப் பாதியில் என்று பார்த்துப் பார்த்துக் குறுக்கலாம். ஒரே கோப்பை இரண்டு மொட்கள் கொண்டுவந்தால், இடப்பக்கப் பட்டியலில் கீழே இருப்பதே வெல்லும். ஒன்றை மட்டும் இதனால் காப்பாற்ற முடியாது: ஸ்கிரிப்ட் (கேமுக்குள் ஓடும் சிறு நிரல்) உள்ள மொட்டை இடையில் நிறுத்தினால் அதன் எச்சம் சேவ் கோப்பில் தங்கிவிடும். பழைய சேவுக்குத் திரும்புவதே வழி.

இதை நிறுவும்போது நடக்கும் பிழைகள் பெரும்பாலும் இடம் சார்ந்தவை. ப்ரோகிராம் ஃபைல்ஸுக்குள் வைத்தால் விண்டோஸின் அனுமதிகள் குறுக்கே நிற்கும். கேம் ஃபோல்டருக்குள்ளும் வேண்டாம். டிரைவின் மேல்மட்டத்தில், ஆங்கில எழுத்தில் சிறிய பெயரோடு ஒரு ஃபோல்டர் போதும். விண்டோஸ் பயனர் பெயரைத் தமிழில் வைத்திருப்போர் இதைக் கட்டாயம் கவனியுங்கள், பாதையில் தமிழ் எழுத்து வந்தால் சில கருவிகள் தடுமாறும். பிறகு கேமையும் மற்றக் கருவிகளையும் எப்போதும் இதற்குள்ளிருந்தே திறக்க வேண்டும். ஸ்டீமில் நேரே பிளேயை அழுத்திவிட்டு 'ஒரு மொட்டும் வேலை செய்யவில்லையே' என்று கேட்பவர்கள் ஏராளம்.

வோர்டெக்ஸ் என்ற இன்னொரு மொட் நிர்வாகக் கருவி பழகச் சுலபம், பல கேம்களுக்கும் ஆகும். ஆனால் வழமையான முறையில் அது ஹார்ட்லிங்க் (ஒரே கோப்பை நகல் எடுக்காமல் இரண்டு இடங்களில் காட்டும் இணைப்பு) மூலம் கோப்புகளை கேம் ஃபோல்டருக்குள் கொண்டுவருகிறது. அதற்கு மொட்களும் கேமும் ஒரே பார்ட்டிஷனில் இருக்க வேண்டும். எக்ஸ்ஃபாட் முறையில் ஃபோர்மட் செய்த வெளி டிரைவில் இது நடக்காது. சிறிய எஸ்எஸ்டியில் கேமையும் பெரிய ஹார்ட் டிஸ்க்கில் மொட்களையும் வைக்க நினைப்பவருக்கு மொட் ஓர்கனைசரே தோது. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் இதற்கென்று இன்னொரு எஸ்எஸ்டி தேடி அலைய வேண்டியதில்லை.

மொட்களின் ஸ்கிரிப்டுகளுக்குக் கூடுதல் திறன் தரும் ஸ்கைரிம் ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டர் தவிர்க்க முடியாதது. கேமின் பதிப்போடு அது அச்சொட்டாகப் பொருந்தவும் வேண்டும். கேம் 1.5.97 என்றால் எக்ஸ்டெண்டர் 2.0.20. ஸ்டீம் தானாக கேமைப் புதுப்பித்த மறுநாள் எல்லாம் நின்றுபோவது இதனால்தான். ஸ்டீமில் 'திறக்கும்போது மட்டும் புதுப்பி' என்ற தெரிவை இன்றே போடுங்கள்.

லூட் என்ற கருவி, பிளகின்களை (மொட்டின் மாற்றங்களைக் கேமுக்குச் சொல்லும் கோப்புகள்) வரிசைப்படுத்தும் வேலையை நொடிகளில் முடிக்கும். டெக்ஸ்சர் (பொருள்களின் மேற்பரப்பில் ஒட்டும் படம்) மோதலை அது பார்ப்பதில்லை. அந்த மோதல் மொட் ஓர்கனைசரின் இடப்பக்கப் பட்டியலின் வேலை. முழு பிளகின்களின் எல்லை 254 என்பதையும் நினைவில் வையுங்கள். இலகு பிளகின்களுக்கு (இஎஸ்எல் என்று குறிக்கப்பட்ட சிறியவை) தனியாக 4096 இடம் உண்டு.

பிளகின்களைத் திறந்து உள்ளே காட்டும் எஸ்எஸ்இ எடிட் பார்க்கப் பயமுறுத்தும், ஆனாலும் பழகத்தான் வேண்டும். ஒரே வாளின் சேதத்தை இரண்டு மொட்கள் மாற்றினால் பத்திகளைப் பக்கம்பக்கமாகக் காட்டும். வலக்கோடியில் இருப்பதே கேமில் நடக்கும். தேவையற்ற பதிவுகளை நீக்கும் அதன் தானியங்கிச் சுத்திகரிப்பை, லூட் சுட்டிக்காட்டிய பிளகின்களுக்கு மட்டும் பாவியுங்கள். கண்டதையெல்லாம் சுத்தம் செய்தால், மொட் ஆசிரியர் வேண்டுமென்றே வைத்த பதிவுகளும் போய்விடும்.

டெக்ஸ்சருக்கு பெயின்ட் டொட் நெட் என்ற படம் திருத்தும் மென்பொருள் போதும். இலவசம், கேம் பாவிக்கும் டிடிஎஸ் படக் கோப்பை பிசி7 சுருக்கத்தில் சேமிக்கும். மிப்மாப் (தூரத்துக்கென்று படிப்படியாகச் சிறுத்த நகல்கள்) தெரிவை மறந்தால் தூரத்துச் சுவர்கள் மினுங்கும். மிப்மாப்போடு 4096 சதுரப் படம் ஒன்று ஏறத்தாழ 21 எம்பி, 2048 என்றால் 5 எம்பி சொச்சம். 4 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டுக்கு 2048ஐத் தாண்டாதீர்கள். இறக்கும் டேட்டாவும் மிச்சம்.

கடைசியாக, எழுத்துக் கோப்புகளைத் திருத்தும் நோட்பேட் ப்ளஸ் ப்ளஸ். மொட் மெனுவில் சொற்களுக்குப் பதில் டொலர் குறியோடு பெயர்கள் தெரிகின்றனவா? மொழிபெயர்ப்புக் கோப்பை யாரோ யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் சேமித்திருக்கக்கூடும். என்கோடிங்கில் யூடிஎஃப்-16 எல்இ பொம் என்று மாற்றிச் சேமித்துப் பாருங்கள்.