ஃபுல் ஃபிரேம் கேமராவுக்கு மாறலாமா, ஏபிஎஸ்-சி போதுமா?

சென்சார் (கேமராவில் ஒளியைப் பதியும் சில்லு): ஃபுல் ஃபிரேம், ஏபிஎஸ்-சி இரண்டும் அதன் அளவுகள். ஃபுல் ஃபிரேம் 36×24 மி.மீ.; நிக்கான், சோனி ஏபிஎஸ்-சி சுமார் 23.5×15.6. பரப்பில் இரண்டு மடங்குக்கும் மேல் வித்தியாசம்.

மங்கல் வெளிச்சம்: விடியற்காலை முகூர்த்தத்தில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) 6400 வைத்தால் ஏபிஎஸ்-சி படத்தின் நிழல்களில் புள்ளி தட்டும். ஃபுல் ஃபிரேம் இன்னும் ஒரு ஸ்டாப்புக்கு (வெளிச்சம் பாதியாகக் குறையும் ஒரு படி) சற்று மேலேயே தாங்கும். பட்டுச்சேலையின் அரக்கு நிறம் கலங்காமல் நிற்கும், இதற்காகவே மாறலாம்.

தூரம்: 200 மி.மீ. லென்ஸ் ஏபிஎஸ்-சியில் 300 போலக் காட்டும். வேடந்தாங்கல் பறவைகளுக்கு அது லாபம்.

செலவு: கேமரா பாடியோடு முடியாது. ஏபிஎஸ்-சிக்கென்றே செய்த லென்ஸ்கள் பெரிய சென்சாரை முழுக்க நிரப்பாது. அவற்றையும் மாற்ற வேண்டும். எடையும் கூடும்.

கல்யாண மண்டபமே பிழைப்பு என்றால் மாறுங்கள். பறவைப் படங்களுக்குக் கையில் இருக்கும் ஏபிஎஸ்-சியே நல்லது. வீட்டுக் குழந்தைகளுக்கு என்றால், முதலில் அதிக ஒளியை உள்ளே விடும் ஒரு எஃப்/1.8 லென்ஸ் வாங்கிப் பாருங்கள்.