டிரெய்லர் பிரேக் பிடிக்கவில்லையா? டிஸ்க்கும் டிரம்மும்

போன கோடையில் டெக்சாஸிலிருந்து கொலராடோ போகும்போது, ரேட்டன் கணவாய் இறக்கத்தில் என் பிக்கப்பைப் பின்னாலிருந்து டிரெய்லர் தள்ள ஆரம்பித்தது. டிரெய்லர் பிரேக்குக்கு மின்சாரம் அனுப்பும் கன்ட்ரோலரில் கெயினை, அதாவது பிரேக் வலுவை, 6-லிருந்து 10 வரை ஏற்றியும் பிடிப்பு கூடவில்லை. கியரைக் குறைத்து, லாரிகளுக்குப் பின்னாலேயே ஊர்ந்து இறங்கினேன்.

திரும்பி வந்ததும் கேட்டவர்களில் பாதிப்பேர் "டிரம்மைத் தூக்கிப் போட்டுவிட்டு ஹைட்ராலிக் டிஸ்க் மாட்டிவிடு" என்றார்கள். மாட்டவில்லை. பழையபடி எலக்ட்ரிக் டிரம்தான் (மின்காந்தத்தின் இழுப்பில் ஷூ எனும் பிடிகட்டைகள் டிரம்மின் உள்சுவரில் அழுந்தும் பிரேக்), ஆனால் ஷூவும் காந்தமும் பொருத்திய பின்தட்டோடு முழு செட்டாகப் புதுசு.

காசை எடுக்கும் முன் மின்சாரத்தைப் பாருங்கள். வண்டி நிற்கும்போது பல டிரக்குகளின் கன்ட்ரோலர் முழு மின்சாரம் விடாது, அதனால் டிரக்கைக் கழற்றிவிட்டு, நன்றாகச் சார்ஜான 12 வோல்ட் பேட்டரியை டிரெய்லர் பிளக்கின் நீல வயருக்கும் (பிரேக்) வெள்ளை வயருக்கும் (எர்த்) நேராகக் கொடுத்து, ஆம்ப் அளக்கும் கிளாம்ப் மீட்டரை மாட்டினேன். 10 அங்குல டிரம்மில் ஒரு காந்தம் சுமார் 3 ஆம்ப் இழுக்கும், நாலுக்கு 12 வர வேண்டும். வந்தது 6. பின் அச்சுக்குப் போகும் வயர் இணைப்பு பச்சை பூத்துக் கிடந்தது. அதை வெட்டி எறிந்து புதிதாக இணைத்ததும் 12 வந்துவிட்டது, ஆனாலும் முழுப் பிடிப்பு இல்லை. டிரம்மைக் கழற்றினால் இரண்டு சக்கரத்தில் ஷூ முழுக்க கிரீஸ், விரல் வைத்தால் வழுக்குகிறது. பேரிங்குக்கு கிரீஸ் அடிக்கும்போது நானே அளவுக்கு மீறி அடித்து, கிரீஸ் வெளியேறாமல் தடுக்கும் சீலைத் தாண்டவிட்ட வினை. கிரீஸ் ஊறிய ஷூவைக் கழுவிப் பயனில்லை.

ஷூவை மட்டும் மாற்றலாம். ஆனால் துரு ஏறிய ஸ்பிரிங்கோடு மல்லுக்கட்ட வேண்டும், முழு செட்டுக்கும் அதற்கும் விலை வித்தியாசமும் குறைவு. நான் வாங்கியது சக்கரத்துக்கு 60 டாலர்கூட ஆகவில்லை: நாலு போல்ட், இரண்டு வயர், அவ்வளவுதான், புதுக் காந்தமும் சேர்ந்தே வந்துவிடும். கிரீஸ் சீலையும் கையோடு மாற்றிவிடுங்கள்.

டிஸ்க் பிடிப்பில் மேல், சூட்டையும் நன்றாகத் தாங்கும், அதில் சண்டை இல்லை. என்னைத் தடுத்தது பராமரிப்பு. டிஸ்க் என்றால் டிரெய்லர் முன்பக்கத்தில் ஒரு மின்பம்ப், அதிலிருந்து குழாய்கள், ஈரத்தை உறிஞ்சும் பிரேக் ஆயில், டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பரில் துருப்பிடித்தால் இறுகிக்கொள்ளும் ஊசிகள். டிரெய்லரோ வருஷத்தில் எட்டு மாதம் சும்மா நிற்கும் வண்டி. பம்ப் போனால் நாலு சக்கரமும் ஒரே நேரத்தில் போச்சு, அதைக் கேம்ப் மைதானத்தில் சரிசெய்ய முடியாது. டிரம்மில் ஒரு காந்தம் செத்தால் மீதி மூன்றும் வேலை செய்யும். நீல வயர் அறுந்தால் இங்கேயும் நாலும் போகும்தான், ஆனால் அதை ரோட்டோரத்தில் ஒட்டுப்போட பத்து நிமிஷம் போதும்.

டிரம்மில் எரிச்சலூட்டுவது அட்ஜஸ்ட்மென்ட். ஏறக்குறைய 3,000 மைலுக்கு ஒருமுறை அடியில் படுத்து, ஷூவை டிரம்முக்கு நெருக்கமாகத் தள்ளும் நட்சத்திரச் சக்கரத்தைத் திருக வேண்டும், மறந்தால் மறுபடி பிடிப்பு குறையும். அதனால் தானே சரிசெய்துகொள்ளும் வகையை வாங்கினேன். இதுவரை 4,000 மைல், தொடவே இல்லை. அதிலுள்ள சின்ன கேபிள் ஐந்து வருஷம் தாங்குமா என்பதை ஐந்து வருஷம் கழித்துத்தான் கேட்க வேண்டும்.

டிஸ்க் மாட்டிய டிரெய்லரை நண்பனிடம் வாங்கி இரண்டே முறை இழுத்திருக்கிறேன், அதுவும் சமவெளியில். 12,000 பவுண்ட் ஐந்தாம் சக்கர டிரெய்லரோடு (பிக்கப்பின் சரக்குத் தட்டில் பூட்டும் பெரிய வகை) மலைமலையாகச் சுற்றுகிறவர் என் பேச்சை நம்பி டிரம்மே போதும் என்று இருந்துவிட வேண்டாம். 7,000-க்குள் என்றால் டிரம்தான்.

ஒன்று, புது ஷூ முதல் நாளே பிடிக்காது. 40 மைல் வேகத்திலிருந்து 20-க்கு, ஆளில்லாத ரோட்டில் இருபத்தைந்து தடவை பிடித்துப் பிடித்து விட்டேன், நடுநடுவே ஆறவிட்டு. கடைசி நாலைந்து தடவையில்தான் டிரெய்லர் என்னைப் பின்னுக்கு இழுத்தது. இப்போது கெயின் 6-லேயே நிற்கிறது.