பைபால்ட் மானைப் பாடம் செய்யக் கொடுத்த பட்டறை: நல்லதும் குறையும்

முதலிலேயே முடிவைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளைத் திட்டுகளோடு பிறக்கும் வெண்வால் மானை இங்கே அமெரிக்காவில் பைபால்ட் என்பார்கள். அப்படி ஒன்று உங்களுக்கு அமைந்து, அதன் தலையைப் பாடம் செய்து, அதாவது தோலைப் பதனிட்டு உயிரோடு இருப்பதுபோல ஆக்கி வைக்க விரும்பினால், மத்திய பென்சில்வேனியாவில் ஒரு பண்ணை வீட்டின் பின்கட்டில் நடக்கும் இந்தப் பட்டறையை நம்பிப் போகலாம். ஒரே ஆள்தான் வேலை செய்கிறார். தாமதமாகும், ஃபோனை எடுக்கமாட்டார், பில்லில் ஒரு விஷயம் எனக்கு உறுத்தியது, அதையும் எழுதுகிறேன். ஆனால் மான் உயிரோடு எப்படி இருந்ததோ அப்படியே வைத்துத் தந்தார், அதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இது ஏன் பெரிய விஷயம் என்றால், பைபால்ட் மானுக்கு நிறம் மட்டும் வேறில்லை. இது நோயும் இல்லை, வயதாகி நரைத்ததும் இல்லை, பிறவியிலேயே வரும் மரபணு விஷயம். வெண்வால் மான்களில் நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாது என்பதுதான் பொதுவாகச் சொல்லும் கணக்கு. அல்பினோ மான் வேறு, அதற்குக் கண் உட்பட எங்குமே நிறமி இருக்காது. பைபால்டுக்குக் கண் வழக்கமான பழுப்புதான். இந்த நிறத்தோடு சில உடல் மாற்றங்களும் சேர்ந்து வருவதுண்டு: மூக்குத்தண்டு நடுவில் மேடாக வளைந்திருக்கும், கால் குட்டையாக இருக்கும், முதுகெலும்பு கோணியிருக்கும், சிலவற்றுக்குக் கீழ்த்தாடை சிறுத்திருக்கும். எனக்குக் கிடைத்த பெண் மானுக்கு மூக்கு நன்றாகவே வளைந்திருந்தது, முன்னங்கால்களும் கட்டை. கழுத்திலும் தோளிலும் பால் தெளித்த மாதிரி வெள்ளை.

வேட்டையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சில மாநிலங்களில் வெள்ளை மானைச் சுடத் தடை உண்டு. விஸ்கான்சினில் முழு வெள்ளை மானைத் தொடக்கூடாது, அயோவாவில் உடலில் பாதிக்கு மேல் வெள்ளையாக இருந்தால் கூடாது. பென்சில்வேனியாவில் அப்படி நிறத்தடை இல்லை, கொம்பில்லாத மானுக்கான தனி லைசென்ஸ் இருந்தால் போதும். இங்கே ஆண்டுக்கு நான்கு லட்சத்துக்கும் மேல் மான்கள் வேட்டையில் விழுகின்றன, எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்க, வேட்டையைக் கவனிக்கும் மாநில அரசு அமைப்பான கேம் கமிஷனே திட்டமிட்டுத்தான் லைசென்ஸ் கொடுக்கிறது. இந்தியாவில் 1972 சட்டப்படி மான் வேட்டை குற்றம், அங்கிருந்து படிப்பவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். வெள்ளை மானைச் சுட்டால் கெடுதல் வரும் என்று நம்பி அதை விட்டுவிடுகிற வேட்டைக்காரர்களும் இங்கே இருக்கிறார்கள், அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. நான் சுட்டேன், கறி முழுவதையும் வீட்டில் சாப்பிட்டோம். சுவையில் ஒரு வித்தியாசமும் கிடையாது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். துப்பாக்கி சீசனில் காட்டுக்குள் யாரும் வெள்ளைக் கையுறையோ வெள்ளைக் கைக்குட்டையோ கொண்டுபோகக்கூடாது என்று வேட்டைப் பயிற்சி வகுப்பில் சொல்லித்தருவார்கள், ஏனென்றால் தூரத்திலிருந்து பார்த்தால் அது மானின் வால் மாதிரித் தெரியும். பைபால்ட் விஷயத்தில் இது தலைகீழாகவும் வேலை செய்கிறது. இலை உதிர்ந்த பழுப்புக் காட்டில் முதலில் கண்ணில் படுவது வெறும் வெள்ளைத் துண்டுதான், மான் உருவமே பிடிபடாது. தலை, காது, கால் எல்லாம் தனித்தனியாகப் பார்த்து உறுதியாகும் வரை ரைஃபிளைத் தூக்கவே கூடாது.

சரி, பட்டறைக்கு வருகிறேன். சீசன் தொடங்கும் முன்பே இவரிடம் பேசிவைத்திருந்தேன், அது பெரிய உதவியாக இருந்தது. மான் விழுந்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்று அப்போதே விவரமாகச் சொல்லியிருந்தார்: கழுத்தை அறுக்காதே, மார்புப் பக்கம் கத்தியை உயர ஏற்றாதே, தரையில் கயிறு கட்டி இழுக்காதே, முடி உரசிப்போனால் வெள்ளையில் மறைக்க முடியாது, ரத்தம் பட்ட இடத்தைக் குளிர்ந்த தண்ணீரில் உடனே கழுவு, வெந்நீர் பட்டால் கறை நின்றுவிடும். பழுப்பு முடியில் இதெல்லாம் அவ்வளவாகத் தெரியாதாம். இப்படி முன்கூட்டியே சொல்லித்தருகிறவர்கள் குறைவு, பல கடைகளில் தோலைக் கொண்டுபோய் நீட்டின பிறகுதான் குறை சொல்வார்கள். கொண்டுபோனதும் டேக் (சுட்ட மானில் கட்டும் லைசென்ஸ் சீட்டு) இருக்கிறதா, மாநிலத்தில் எந்தப் பகுதியில் சுட்டது என்று கேட்டு எழுதிக்கொண்டார். மான்களுக்கு மூளையைத் தாக்கும் சிடபிள்யூடி நோய் பென்சில்வேனியாவில் 2012இல் கண்டுபிடிக்கப்பட்டதிலிருந்து, நோய்ப் பகுதி என்று அறிவித்த இடங்களிலிருந்து தலையையும் முதுகெலும்பையும் இஷ்டத்துக்கு வெளியே எடுத்துப்போக முடியாது. இதைக் கேட்காமலே வாங்கிக்கொள்ளும் இடத்தில் தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

அப்புறம்தான் எனக்கு இவர்மேல் மதிப்பு கூடின பேச்சு நடந்தது. பாடம் செய்வதென்றால் மானின் மண்டையை உள்ளே வைத்துத் தைப்பதில்லை. ஃபோமில் செய்த அச்சு ஒன்று கடையில் வாங்குவார்கள், பதனிட்ட தோலை அதன்மேல் ஒட்டித் தைப்பார்கள், கண்ணுக்குக் கண்ணாடி. அந்த அச்சுகள் பெரும்பாலும் சாதாரண மானின் நேரான மூக்குக்குச் செய்தவை. நேர் அச்சிலேயே மாட்டினால் வேலை சுலபம், மான் பார்க்கவும் அழகாக இருக்கும், சில வாடிக்கையாளர்கள் அப்படித்தான் கேட்கிறார்களாம். இவர் என்னிடம், "இந்த மூக்கை நேராக்கிவிட்டால் அது நீங்கள் சுட்ட மான் இல்லை" என்று நேராகவே சொன்னார். தோலை உரிக்கும் முன்பே கண்ணிலிருந்து மூக்கு நுனி வரை, கழுத்துச் சுற்றளவு, மூக்கு மேட்டின் உயரம் எல்லாம் அளந்து, பக்கவாட்டில் ஃபோட்டோ எடுத்து வைத்துக்கொண்டார். அச்சை அறுத்து, மேடு வரும்படி களிமண் வைத்துக் கட்டினார். எனக்கு வேண்டியதும் அதுதான்.

வெள்ளை முடியில் தையல் போடுவது எவ்வளவு கஷ்டம் என்பது கிட்டேயிருந்து பார்த்தால்தான் புரியும். பழுப்பு முடியில் நூல் அடங்கிவிடும், வெள்ளையில் ஒரு முடி உள்ளே மாட்டிக்கொண்டாலும் கோடு தெரியும். என் மானின் பிடரித் தையலை விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க முடிகிறது. வெள்ளைத் திட்டுக்குக் கீழே தோலும் வெளிர் நிறம்தான். கண்ணிமையின் ஒரு ஓரமும் மூக்கின் ஒரு பக்கமும் அப்படி ரோஸ் கலந்து இருந்தன. தோல் காய்ந்தால் அந்த நிறம் போய்விடும், திரும்ப வண்ணம் தீட்டித்தான் கொண்டுவர வேண்டும். பழக்கத்தில் முழு மூக்கையும் கறுப்பாக அடித்துவிடுகிற வேலைகளை நான் பார்த்திருக்கிறேன். இவர் ஃபோட்டோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எங்கே கறுப்பு நின்று ரோஸ் தொடங்குகிறதோ அங்கேயே நிறுத்தியிருக்கிறார். வெள்ளையை இன்னும் பளிச்சென்று காட்ட ப்ளீச் செய்யவும் இல்லை, அந்த மானின் வெள்ளை கொஞ்சம் க்ரீம் கலந்ததுதான், அப்படியே இருக்கிறது.

இனி குறைகள். எட்டு மாதம் என்று சொன்னது பதினான்கு மாதமானது. பதனிடுவதற்குத் தோலை வெளியூர்த் தொழிற்சாலைக்கு அனுப்புகிறார், சீசன் முடிந்ததும் நாடெங்கும் இருந்து தோல் அங்கே குவியும், தாமதம் அவர் கையில் இல்லை, அது புரிகிறது. ஆனால் அதைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். வாய்ஸ்மெயில் வைத்தால் பதில் கிடையாது, நேரில் போனால்தான் விவரம் தெரியும், போனால் மட்டும் வேலையை நிறுத்திவிட்டுப் பொறுமையாக எல்லாம் காட்டுவார். விலை 750 டாலர் என்று பேசியது, கடைசியில் அச்சை மாற்றிய வேலைக்கு 120 டாலர் கூடுதலாகப் போட்டிருந்தார். அந்த உழைப்புக்கு 120 அதிகமே இல்லை. மூக்கை அளந்த அன்றே சொல்லியிருந்தால் சரி என்றிருப்பேன், பில்லில் பார்த்தபோது மனசு கஷ்டமானது. கேட்டேன், எழுதித் தராதது தன் தவறு என்று ஒத்துக்கொண்டார், குறைக்கவில்லை.

இன்னொரு விஷயம், முழு உடம்பாகச் செய்ய வேண்டுமா என்று முன்பே யோசித்துக்கொள்ளுங்கள். தோள் வரை மட்டும் செய்தால் பின்பக்கத் திட்டுகள் போய்விடும், பைபால்டில் ஒவ்வொரு மானின் திட்டும் தனி. முழு உடம்புக்குப் பல ஆயிரம் டாலர் ஆகும், என்னால் முடியவில்லை. மீதித் தோலை முடியோடு பதனிட்டுத் தரச் சொன்னேன், செய்து கொடுத்தார், அது நன்றாக மிருதுவாக வந்திருக்கிறது. இந்த யோசனையும் அவர் சொன்னதுதான்.

வீட்டில் மாட்டும் இடத்துக்கும் அவர் சில விதி சொன்னார்: நேர் வெயில் கூடாது, விறகு அடுப்புக்கு மேலே கூடாது, புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் வெள்ளையை மஞ்சளாக்கும், அந்துப்பூச்சி வருகிறதா என்று அடிக்கடி காதுக்குப் பின்னால் பாருங்கள். நான் சமையலறையிலிருந்து தள்ளி, வடக்குப் பார்த்த சுவரில் மாட்டியிருக்கிறேன்.

போகிறவர்கள் அக்டோபருக்குள் நேரில் போய்ப் பேசிவிடுங்கள், நவம்பர் கடைசியில் போனால் கூட்டம் தாங்காது. பாதிப் பணம் முன்பே கொடுக்க வேண்டும், ரொக்கமோ செக்கோதான், கார்டு வாங்கமாட்டார். அச்சு மாற்றும் வேலை இருந்தால் அதற்கு எவ்வளவு என்று அன்றைக்கே ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்து ஒரு மான் பாடம் செய்ய நேர்ந்தால் நான் இவரிடமே கொடுப்பேன்.